எங்கடையளை மட்டும் ஏசுறவ

மாமி மோசம் போன கிழமை, மைதானத்து மதிலிலை கொம்பனிக்காரர் அவவின்ரை படத்தைப் பெரிசாப் போட்டுக் கண்ணீர் அஞ்சலி ஒட்டியிருந்தாங்கள். படத்திலை பிழை சொல்ல ஏலாது. பிளாஸ்ரிக் கதிரையிலை நிமிந்து இருக்கிறா, ரெண்டு கையும் மடியிலை. கீழை எழுதியிருந்ததை வாசிக்கத்தான் எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. 'அமைதியும் பண்பும் மிக்க எங்கள் அன்பு ரசிகைக்கு.'

அமைதியாம்! மாமியாம்! ஓட்டோவை நடு றோட்டிலை நிப்பாட்டிப்போட்டு நான் சிரிச்ச சிரிப்பிலை பின்னாலை இருந்த மனுசி பயந்து இறங்கப் பாத்தா. பேந்து சிரிப்பு வரேல்லை. ஏனெண்டால் கடைசி நாலைஞ்சு வருசம் அவவைப் பாத்த ஆக்களுக்கு அது உண்மைதான். மாமி வாய் திறக்கேல்லை. அந்த அமைதி எங்கையிருந்து வந்ததெண்டு அந்த வரியை எழுதினவனுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அதைச் சொல்லாட்டி எனக்கு மனம் ஆறாது.

எங்கடை ஊர் யாழ்ப்பாணப் பட்டினத்துக்குக் கிட்டக் கரையோரம். கோயிலுக்குப் பின்னாலை கடல், முன்னாலை மைதானம். எங்கடை உதைபந்தாட்டக் கழகத்துக்குக் கோயில் புனிதரின்ரை பேர்தான் முந்தி. என்ன பேரெண்டு சொல்லமாட்டன், பக்கத்து ஊர்க்காரன் வாசிச்சால் இண்டைக்கும் அடிபாடு வரும். நீலமும் வெள்ளையும் உடுப்பு. நான் அதிலை இடப்பக்கம் பின்னுக்கு நிக்கிறவன். நல்லா விளையாடினன் எண்டு இப்ப என்ரை பிள்ளையளுக்குச் சொல்லி வைச்சிருக்கிறன், அதை நீங்கள் ஒருத்தரும் விசாரிக்க வேண்டாம்.

மாமி எனக்கு ஒரு சொந்தமும் இல்லை. ஊருக்கே மாமி. சின்னக்கடைச் சந்தையிலை மீன் விக்கிறவ. எங்களுக்கு மாட்ச் எண்டால் மத்தியானத்தோடை யாவாரத்தை முடிச்சுப்போட்டு, மீன் பெட்டியும் கையுமா நேரே மைதானத்துக்கு வந்திடுவா. எங்கடை கோல் கம்பத்துக்குப் பக்கத்திலை, கோட்டுக்கு ஒரு அடி வெளியிலை, பெட்டியைக் கவிட்டு வைச்சு அதிலை இருப்பா. இடைவேளைக்குப் பிறகு நாங்கள் பக்கம் மாறினால் பெட்டியும் மைதானத்தைச் சுத்தி மற்றப் பக்கம் போகும். எதிராளியின்ரை கோலுக்குக் கிட்ட அவ ஒரு நாளும் இருந்ததில்லை. அங்கை அவவுக்கு என்ன வேலை? அவவின்ரை வேலை எங்களை ஏசுறது.

சந்தையிலை கூவிக் கூவிப் பழகின தொண்டை. மைக் வைச்சு அறிவிக்கிறவன்ரை சத்தம் மாமியின்ரை சத்தத்துக்குக் கீழை போயிடும்.

"எடேய், பந்து அச்சுவேலிச் சந்தைக்குப் போய் விலைப்பட்டும் போச்சு, இப்பதான் துரை காலைத் தூக்குறார்!"

இது எனக்கு. கப்டனுக்கு வேறை: "கையிலை பட்டி கட்டியிருக்கிறாய், காயமோடா? காயமெண்டால் ஆசுப்பத்திரிக்குப் போவன், ஏன் இதுக்கை நிண்டு ஆக்களுக்கு இடைஞ்சல்?" முன்னுக்கு விளையாடுற ஒருத்தன் ஆளில்லாத கோலுக்கு வெளியாலை அடிச்சான் ஒரு நாள். மாமி பெட்டியிலை ஏறி நிண்டுகொண்டு சொன்னா: "கோயில் கதவு மாதிரித் திறந்து கிடக்குதடா! ஓ, உனக்குத்தான் கோயில் பக்கம் போற பழக்கமே இல்லையே!" கோட்டுக்குப் பக்கத்திலை நிண்ட பாதர் வாயைப் பொத்திக்கொண்டு அங்காலை திரும்பினார்.

எதிராளியை ஏசமாட்டா. நடுவரையும் ஏசமாட்டா. ஒருக்கால் பக்கத்து ஊர் கோல்காப்பாளன், சின்னப் பொடியன், கையுக்கை வந்த பந்தை நழுவ விட்டிட்டான். எங்கடை சனம் சிரிச்சுது. ஒருத்தன் அந்தப் பொடியன்ரை தாயை இழுத்து ஒரு சொல்லுச் சொன்னான். மாமி எழும்பிப் போய்க் குடையாலை அவன்ரை முதுகிலை ஒண்டு போட்டா.

"அந்தப் பிள்ளையை ஏசுறதுக்கு அதின்ரை ஊரிலை ஆக்கள் இருப்பினம். நீ ஆரடா? ஏசிப்போட்டுக் கூட்டிக்கொண்டு போய் அவனுக்குச் சாப்பாடு போடுவியோ?"

அதுதான் அவவின்ரை சட்டம். ஏசினால் சோறு போடவேணும். சோறு போட ஏலாதெண்டால் வாயைப் பொத்திக்கொண்டு இருக்கவேணும். இதை அவ எங்கை படிச்சாவோ தெரியாது. ஆனால் நாங்கள் எல்லாரும் அதிலைதான் வளந்தனாங்கள். மாட்ச் முடிஞ்சால், வெண்டாலும் தோத்தாலும், வேர்வையோடை நேரே மாமி வீட்டு முத்தத்துக்குப் போவம். பேக்கரிப் பாண் வெட்டிக் கிடக்கும், பெரிய சட்டி நிறையப் பாரைமீன் குழம்பு கிடக்கும். அண்டைக்கு ஆர் கூட ஏச்சு வாங்கினவனோ, அவனுக்குத்தான் மீன் தலை. அதிலை ஒரு மாற்றமும் இல்லை. இடைவேளையிலையே நாங்கள் பந்தயம் கட்டுவம், இண்டைக்குத் தலை ஆருக்கெண்டு. ஒரு நாள் ரெண்டு கோல் அடிச்ச பொடியன் தன்ரை சாப்பாட்டுக் கோப்பையைப் பாத்துப்போட்டு, "எனக்கு வெறும் வால் துண்டோ மாமி?" எண்டு சிணுங்கினான்.

"வடிவா விளையாடினனி, உனக்கென்னடா குறை? தலை அழுகிறவனுக்கு."

என்ரை உடம்பிலை பாதி மாமி போட்ட பாரைத் தலைதான். நான் எப்பிடி விளையாடினனான் எண்டு இப்ப உங்களுக்கு விளங்கியிருக்கும்.

சரி, சின்னவன்ரை கதைக்கு வாறன். மாமியின்ரை புருசன் கடலுக்குப் போய்த் திரும்பாதவர். மூத்த மகன் சண்டைக் காலத்தோடை போனவன். இது ரெண்டைப் பற்றியும் மாமி கதைச்சு நான் கேட்டதில்லை, கேக்கிற துணிவும் எங்களுக்கு வந்ததில்லை. மிஞ்சினது சின்னவன். ஆள் கட்டையன், ஆனால் பாய்ச்சலெண்டால் அப்பிடியொரு பாய்ச்சல். நான் விளையாட்டை விடுற காலத்திலை அவன் எங்கடை கோல்காப்பாளனா வந்திட்டான். பெத்த மகனெண்டு மாமி விட்டு வைக்கேல்லை. அவனுக்குத்தான் எல்லாரையும் விடக் கூட.

"பின்னாலை வலை கட்டித்தானே கிடக்கு? நீ அதுக்கு முன்னாலை வடிவுக்கோ நிக்கிறாய்?"

"பந்து என்ன, உன்னைக் கலியாணம் கேட்டோ வருது? ஒதுங்கி வழி விடுறாய்!"

அவன் திரும்பிப் பாத்துச் சிரிப்பான். அம்மா ஏச ஏச அவனுக்குக் கை நீளும் எண்டு நாங்கள் பகிடி விடுவம். பகிடி இல்லை, உண்மையாவே அப்பிடித்தான்.

எங்கடை ஊரிலை ஒரு பொடியனுக்கு மீசை அரும்பினால் வீட்டு வாசலிலை ரெண்டு பேர் வந்து நிப்பினம். ஒருத்தர் கழகத்துக்கு ஆள் சேர்க்கிறவர், மற்றவன் வெளிநாட்டுக்கு அனுப்புற ஏஜென்சிக்காரன். ரெண்டாவது ஆள்தான் அனேகமா வெல்லுவான். பிரான்சுக்கும் கனடாவுக்கும் போனவங்களை எண்ணினால் ரெண்டு கழகம் இறக்கலாம். சின்னவனையும் ஏஜென்சிக்காரன் சுத்திக்கொண்டுதான் திரிஞ்சான். மாமி அவனுக்கு மீன் தண்ணியை ஊத்திக் கலைச்சா. "இதொண்டுதான் எனக்கு மிச்சம். இவனும் போனால் நான் ஆரையடா ஏசிக்கொண்டு இருக்கிறது?" எண்டு என்னட்டைச் சொன்னா. சிரிச்சுக்கொண்டுதான் சொன்னா. ஆனால் அந்த மனுசியின்ரை சீவியம் முழுக்க அந்த ஒரு பேச்சுக்குள்ளைதான் கிடந்தது.

அந்த நேரம் பாத்துத்தான் கொம்பனி வந்தது.

கனடாவிலை பிறந்து வளந்த, எங்கடை ஊர்ப் பெத்தாருக்குப் பிறந்த பொடியன் ஒருத்தன். அவனோடை ரெண்டு வெள்ளைக்காரர். புதுசா ஒரு போட்டி தொடங்கப் போயினமாம், ரீவியிலை போகுமாம், அதுக்கு எங்கடை கழகத்தை வாங்கப் போயினமாம். கோயில் மண்டபத்திலை கூட்டம். தோரணத்துக்குத்தான் குறை, மற்றப்படி திருநாள் மாதிரிச் சனம்.

"கழகம் என்ன கத்தரிக்காயோ, வாங்கிறதுக்கு?" எண்டு எங்கடை பழைய தலைவர் எழும்பினார். படகுச் சொந்தக்காரர், கழகத்துக்குக் கைக்காசு நிறையப் போட்ட மனுசன்.

"ஐயா, மாரியிலை எங்கடை மைதானத்திலை பந்து மிதக்குது. அவங்கள் புல்லுப் போடுவாங்கள், லைட் போடுவாங்கள். உங்களுக்கு ஏன் எரியுது?" எண்டான் ஒரு பொடியன்.

"இண்டைக்குப் பேரை மாத்துவான், நாளைக்கு உடுப்பை மாத்துவான், நாளையிண்டைக்கு உன்னை மாத்துவான், இருந்து பார்."

"பொம்பிளையளுக்குக் கக்கூசு கட்டுவினமோ?" எண்டு பின்னாலையிருந்து ஒரு அக்கா கேட்டா. கட்டுவினம் எண்டினம். அதோடை பொம்பிளையள் பக்கம் பாதி சாய்ஞ்சுது. நியாயந்தானே? வருசக்கணக்கா அதுகள் பட்ட பாடு அதுகளுக்குத்தான் தெரியும்.

புதுப் பேரைத் திரையிலை காட்டினாங்கள். புனிதரைக் காணேல்லை. வாயைப் பிளந்துகொண்டு ஒரு சுறா நிண்டுது. எல்லாரும் மாமியைத் திரும்பிப் பாத்தம். மாமி எழும்பினா.

"தம்பியவை, சுறா பிள்ளைப் பெத்தவளுக்குப் பால் சுரக்கக் கறி வைச்சுக் குடுக்கிற சாமான். அதின்ரை பேரையோ கழகத்துக்கு வைக்கிறியள்?"

மண்டபம் இடிஞ்சு விழுற மாதிரிச் சிரிப்பு. கனடாப் பொடியனுக்கு விளங்கேல்லை, அவனும் சேர்ந்து சிரிச்சான். சரி, இனிக் கொம்பனியைக் கிழிச்சுத் தோரணம் கட்டப்போறா எண்டு நாங்கள் காதைத் தீட்டிக்கொண்டு இருக்கிறம். மாமி கேட்டது வேறை.

"விளையாடுற பொடியளுக்குச் சம்பளம் குடுப்பியளோ?"

"ஓம் அம்மா. மாதச் சம்பளம்."

"ஊர்ப் பொடியளுக்கும்?"

"ஓம் அம்மா, ஊர்ப் பொடியளுக்கும்."

"அப்ப அவங்கள் வெளிநாட்டுக்குப் போகத் தேவையில்லை?"

"என்னத்துக்கம்மா போகவேணும்?"

மாமி கையைத் தூக்கினா. அவ தூக்கினதைப் பாத்துப் பொம்பிளையள் தூக்கினம், பொம்பிளையளைப் பாத்து நாங்கள் தூக்கினம். தலைவர் சால்வையை உதறித் தோளிலை போட்டுக்கொண்டு வெளியிலை போனார். அண்டைக்கு நாங்கள் ஒண்டைக் கவனிச்சிருக்கவேணும். மாமி கொம்பனிக்காரனை ஒரு சொல்லும் ஏசேல்லை.

முதல் மாட்சுக்கு மைதானத்தைச் சுத்தித் தகரம் அடிச்சு வாசலிலை ரிக்கற் வைச்சாங்கள். மீன் பெட்டியை உள்ளுக்கு விடேல்லை, பிளாஸ்ரிக் கதிரை குடுத்தாங்கள். லைட் வெளிச்சத்திலை புல்லு என்ன பச்சை! பொய் சொல்லக்கூடாது, எனக்கு மயிர் கூச்செறிஞ்சுது. கானாவிலையிருந்து கோல்காப்பாளன், செர்பியாவிலையிருந்து ரெண்டு பேர், கொழும்பிலையிருந்து கொஞ்சப் பேர், எங்கடை ஊர்ப் பொடியள் ரெண்டு பேர். சின்னவன் மாற்று ஆளா வெளியிலை வாங்கிலை இருந்தான். "முதல் நாள்தானே, பேந்து இறக்குவாங்கள்" எண்டா மாமி.

மாமி விடியவே சின்னக்கடையிலை அண்டைக்கு வந்ததிலை பெரிய பாரையைத் தனக்கெண்டு எடுத்துவைச்சுச் சமைச்சுப்போட்டுத்தான் வந்திருந்தா. வந்தவ வழக்கம்போலத் தொடங்கினா. கானாப் பிள்ளை கோட்டை விட்டு வெளியிலை ஓடி வந்து பந்தைக் கோட்டை விட்டுது. "எங்கையடா ஓடுறாய்? கடலுக்கோ? கடல் பின்னாலை!" எண்டு கத்தினா. சனம் உருண்டு பிரண்டு சிரிச்சுது. அந்தப் பிள்ளையும் என்னவெண்டு விளங்காமல் திரும்பிப் பாத்துக் கையைக் காட்டிச்சுது. ஆறடிக்கு மேலை உயரம், முகம் குழந்தைப் பிள்ளையின்ரை முகம்.

மாட்ச் முடிய, மாமி ஓடிப்போய் அவையளின்ரை பஸ் வாசலிலை நிண்டுகொண்டா.

"வாங்கோ பிள்ளையள், வீடு உதிலைதான். ஆறப்போகுது, வாங்கோ."

ஊர்ப் பொடியள் ரெண்டு பேரும் அங்காலை இங்காலை பாத்துக்கொண்டு பஸ்ஸுக்குள்ளை ஏறிட்டாங்கள். மனேச்சர் வந்தான். "அம்மா, அவையளுக்குப் பட்டினத்திலை ஹோட்டலிலை சாப்பாடு. என்ன சாப்பிடுறதெண்டு கோச்தான் சொல்லுவார். வெளிச் சாப்பாடு குடுக்க ஏலாது" எண்டான். மரியாதையாத்தான் சொன்னான். கானாப் பிள்ளை நெஞ்சிலை கையை வைச்சுத் தலையைக் குனிஞ்சுது. அதிலை ஒரு பிழையும் இல்லை. ஏ.சி. பஸ், கதவு தானாப் பூட்டிச்சுது.

நான் மாமியோடை வீட்டை போனன். முத்தத்திலை பாய் விரிச்சுக் கிடந்தது. பாண் வெட்டிக் கிடந்தது. சட்டி மூடியைத் திறந்தா. அந்தத் தலை, என்ரை கையளவு.

"எனக்குப் போடுங்கோ மாமி" எண்டன்.

"உன்னை நான் இண்டைக்கு ஏசேல்லையே" எண்டா.

பகிடிக்குச் சொல்லுறா எண்டு நினைச்சு முகத்தைப் பாத்தன். பகிடி இல்லை. சின்னவன் வந்தாப் பிறகு அவன்ரை கோப்பையிலை தலையை வைச்சா. அவன் அதைத் தொடேல்லை. "நான் இறங்கவே இல்லையே அம்மா" எண்டு சொல்லிப்போட்டு வெறும் குழம்பிலை பாணைத் தோய்ச்சுச் சாப்பிட்டான். தலை பூனைக்குப் போச்சு.

அடுத்த மாட்சிலை மாமி வாய் திறக்கேல்லை. அதுக்கடுத்த மாட்சிலையும் இல்லை. கானாப் பிள்ளை ஒருக்கால் பெரிய பிழை விட்டு முழு மைதானமும் 'கூ' அடிச்சுது. மாமி ரெண்டு கையையும் மடியிலை வைச்சுக்கொண்டு, "பாவம், ஆர் பெத்ததோ" எண்டா. நான் பக்கத்திலை இருந்தன். அந்தக் குரலிலைதான் அவ முந்திப் பக்கத்து ஊர்ப் பொடியளைப் பற்றிக் கதைக்கிறவ.

கொம்பனியின்ரை பேஸ்புக்குக்குப் படம் பிடிக்கிற பொடியளுக்கு ஆரோ சொல்லிப்போட்டாங்கள், ஏச்சுக்குப் பேர்போன ஒரு மாமி இருக்கிறா எண்டு. கமராவும் மைக்குமா வந்திட்டாங்கள்.

"அம்மா, ஒருக்கால் ஏசுங்கோவன். முந்தி ஏசுறமாதிரி."

"என்னத்துக்குத் தம்பி? நல்லாத்தானே விளையாடுதுகள்."

"சும்மா ஒருக்கால் அம்மா. சனம் விரும்பிப் பாக்கும்."

"நல்ல பிள்ளையள். நல்லா வரவேணும்" எண்டு சொல்லிப்போட்டு மாமி நேரா நிமிந்து இருந்தா. அப்ப எடுத்த படந்தான் இப்ப மதிலிலை கிடக்கிறது. அமைதியும் பண்பும்! உவங்களுக்கு அவ சொன்னது வாழ்த்தாக் கேட்டிருக்கு.

சின்னவனுக்குச் சம்பளம் குடுத்தாங்கள், இல்லையெண்டு சொல்ல ஏலாது. ஆனால் கோல் காக்கக் குடுக்கேல்லை. உயரம் காணாது எண்டு கோச் ஒரே சொல்லாச் சொல்லிப்போட்டார். பிறகு வாங்கிலையும் இடமில்லை. கோலுக்குப் பின்னாலை மஞ்சள் மேற்சட்டையோடை நிண்டு, வெளியிலை போற பந்தை எடுத்து எறியிற வேலை. தான் பாய்ஞ்சு பிடிச்ச அதே கோலுக்குப் பின்னாலை! மாமி கதிரையிலை இருந்து அதைப் பாத்துக்கொண்டிருப்பா. நான் அந்தப் பக்கம் பாக்கமாட்டன், எனக்கு ஏலாது.

ஒரு நாள் அவன் வந்து, "அம்மா, நான் போப்போறன்" எண்டான். இந்த முறை மாமி ஏஜென்சிக்காரனுக்கு மீன் தண்ணி ஊத்தேல்லை. ஆளில்லாமல் கரையொதுங்கின புருசன்ரை படகை வித்தா.

கொழும்பு பஸ்ஸுக்கு நான்தான் அவையளை ஓட்டோவிலை ஏத்திக்கொண்டு போனன். பாதி வழியிலை சின்னவன் நெத்தியிலை அடிச்சான். பாஸ்போட்டை வீட்டிலை விட்டிட்டு வந்திட்டான். மாதாவே, இப்ப கிடக்கு பூசை எண்டு நான் காதைக் குவிச்சுக்கொண்டு ஓட்டோவைத் திருப்பினன். மாமி ஒண்டும் சொல்லேல்லை. வீட்டை இறங்கி உள்ளை போனா, பாஸ்போட்டை எடுத்துக்கொண்டு வந்தா, அவன்ரை சட்டைப் பையிலை வைச்சுத் தட்டினா. அவன் தாயின்ரை முகத்தையே பாத்துக்கொண்டு வந்தான்.

அவன் போனாப் பிறகு தேத்தண்ணிக் கடையிலை சிலதுகள் கதைச்சுதுகள், "கையைத் தூக்கிக் கழகத்தை வித்தவ அவதானே, இப்ப அனுபவிக்கட்டும்" எண்டு. அப்பிடிச் சொன்னவன் ஒருத்தன்ரை சட்டையைப் பிடிச்சனான் நான். எல்லாருந்தானே தூக்கினம்? கொம்பனி போட்ட லைட்டிலைதானே அவன்ரை பிள்ளையளும் இப்ப பழகுதுகள்? ஒரு தாய் தன்ரை பிள்ளையைக் கண்ணுக்கு முன்னாலை வைச்சிருக்க ஆசைப்பட்டுக் கையைத் தூக்கினா. அது குற்றமெண்டால் இந்தத் தீபகற்பத்திலை சிறைக்கூடம் காணாது.

இனிச் சொல்லப்போறதைத்தான் நான் இவ்வளவு நேரமும் சுத்திக்கொண்டு வந்தனான்.

பாரிசிலை எங்கடை ஊர்ப் பொடியள் சேர்ந்து ஒரு கழகம் வைச்சிருக்கிறாங்கள். எங்கடை புனிதரின்ரை பேரிலைதான். அதே நீலமும் வெள்ளையும். இஞ்சை வித்துப்போட்ட பேரை அங்கை ஆரும் தடுக்கேல்லை. எங்கடை புனிதரும் ஏஜென்சியிலை போய் அகதி மனுக் குடுத்திட்டார் எண்டு நான் பகிடியாச் சொல்லுவன், சிரிக்கிறதுக்கு ஆள் இல்லை. சின்னவன் அங்கை போய்ச் சேர்ந்து கோலுக்கு நிண்டான். கிழமை நாளிலை ஒரு கடையிலை கோப்பை கழுவுறது, ஞாயிற்றுக்கிழமை விளையாட்டு. விசா இன்னும் சரிவரேல்லை. தாயின்ரை அடக்கத்தையும் கைத்தொலைபேசியிலைதான் பாத்தவன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவங்கள் மாட்சை நேரடியாப் போடுறாங்கள் எண்டு தெரிஞ்சு, நான் என்ரை ஃபோனைக் கொண்டுபோய் மாமி வீட்டு முத்தத்திலை ஒரு செம்பிலை சாத்தி வைச்சன். மாமி மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டக் குந்தினா. சின்னத் திரைக்குள்ளை சின்னவன், இன்னும் சின்னவனா. உடம்பு வத்திப்போய்க் கிடந்தது. முதல் கோல் போச்சு. மாமி அசையேல்லை. ரெண்டாவது கோல், அவன்ரை காலுக்குள்ளாலை போச்சு.

"எடேய் மூதேவி!"

நான் துள்ளிப்போனன். பக்கத்து வேலிக்கு மேலாலை தலையள் எழும்பிச்சுது.

"ரெண்டு காலையும் அகட்டி வைச்சுக்கொண்டு என்னடா, தண்டவாளமோ? குனியன்ரா! இடுப்பிலை என்ன, நீயே பிள்ளைப் பெத்தனி? கையை விரி! அங்கை வாறான், அங்கை வாறான், பாரடா, விசரா, பார்!"

எத்தினை வருசத்துக்குப் பிறகு! தொண்டை கிழியக் கத்துறா. கண்ணாலை தண்ணி ஓடுது, அதைத் துடைக்கிறாவும் இல்லை. ஒழுங்கை முழுக்கச் சனம் வந்து முத்தத்திலை நிண்டுது. பழைய தலைவரும் வந்து வேலியோரம் நிண்டார். ஒருத்தரும் சிரிக்கேல்லை. எனக்குப் பொறுக்கேல்லை, கிட்டக் குனிஞ்சு சொன்னன்.

"மாமி, அவனுக்குக் கேக்காது. எங்களுக்குத்தான் அங்கை நடக்கிறது தெரியும், இஞ்சை கத்துறது அங்கை போகாது."

"தெரியுமடா" எண்டா. சொல்லிப்போட்டுத் திரும்பவும் கத்தினா. மாட்ச் முடியுமட்டும் விடேல்லை. நாலு கோல் போச்சு. நாலுக்கும் ஏசினா, பிடிச்ச பந்துக்கும் ஏசினா.

பின்னேரம் அவன் ஃபோன் எடுத்தான். சனம் போயிட்டுது, நானும் மாமியுந்தான். ஸ்பீக்கரிலை போட்டன்.

"பாத்தனியோ அம்மா?"

"ஓம் ராசா, பாத்தன்."

"நாலு அம்மா. அதிலை ஒண்டு காலுக்குள்ளாலை."

"வெய்யில் கண்ணுக்கை அடிச்சிருக்கும். பரவாயில்லை."

அங்கை எங்கையோ ரயில் போற சத்தம் மட்டும் கேட்டுது.

"அம்மா, உனக்குச் சுகமில்லையோ?"

"எனக்கென்ன, சுகமாத்தான் இருக்கிறன்."

"அப்ப ஏன் ஏசுறாயில்லை?"

மாமி என்னைப் பாத்தா. 'சொல்லிப்போடாதை' எண்டு கண்ணாலை சொன்னா. மத்தியானம் கத்தினதிலை குரல் கம்மிப்போய்க் கிடந்தது.

"ஒருக்கால் ஏசனம்மா" எண்டான். அழுறான் எண்டு எனக்கு விளங்கீட்டுது. "இஞ்சை ஒருத்தரும் ஏசுறாங்களில்லை. எல்லாரும் பரவாயில்லை, பரவாயில்லை எண்டுறாங்கள். நீயாவது ஏசன்."

மாமி மூச்சை இழுத்தா. முந்திப் பெட்டியிலை ஏறி நிண்டு தொடங்க முதல் இழுக்கிற அதே மூச்சு. இப்ப வரப்போகுது எண்டு நானும் பாத்துக்கொண்டிருந்தன்.

"சாப்பிட்டியோ?" எண்டு கேட்டா.

"இல்லை."

"அப்ப நான் எப்பிடியடா உன்னை ஏசுறது?" எண்டா மாமி.